மணமுறிவு பெற்ற பெண் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

(மகளிர் நாள் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மணமுறிவும் சுயமரியாதையும்'. மணமுறிவு எப்படிப் பெறுவது என்பதை எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் தோழர் நன்றாகவே விளக்கிவிட்டார். அதற்குப் பிறகு நடப்பதில் ஒரு கட்டத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மணமுறிவு முடிந்து, பிள்ளையை வளர்த்து, ஒருவழியாகக் காலூன்றி நிற்கிற நேரத்தில் முன்னாள் கணவர் திரும்பி வருகிறார். "இனிமே சேர்ந்து இருக்கலாம்" என்கிறார். அப்போது சொந்தமும் ஊரும் சாதியும் அந்தப் பெண்ணை என்ன செய்கின்றன? அவள் தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்கிறாள்? எனக்கு நடந்தது என்பதால் இதைப் பேசுகிறேன். என் ஒருத்திக்கு மட்டும் நடப்பதில்லை என்பதால் மேடையில் பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல். 'வாழாவெட்டி'. கணவனோடு இல்லாத பெண்ணுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் இது. வேலைக்குப் போகிறாள், வாடகை கட்டுகிறாள், பிள்ளையைப் படிக்க வைக்கிறாள், ஆனாலும் அவள் 'வாழவில்லை'. மனைவியைப் பிரிந்த ஆணுக்கு இப்படி ஒரு சொல் கிடையாது. அவன் எங்கே இருந்தாலும் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறான். இந்தச் சொல்லை இன்று நாம் வாயால் சொல்வது குறைந்திருக்கலாம். அதற்குள் இருக்கும் எண்ணம் குறையவில்லை. கணவனை விட்டு வந்த பெண்ணின் வாழ்க்கை பாதியில் நிற்கிறது, ஆண் திரும்பி வந்தால் அது மறுபடி ஓடும் என்பதுதான் அந்த எண்ணம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் எங்களுக்குப் பரஸ்பர ஒப்புதலின் பேரில் மணமுறிவு ஆனது. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அதே தொழிலில் குவாலிட்டி பார்க்கிறேன். வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" இரண்டாவது கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" முதல் கேள்வியில் நான் தோற்றுப்போவேன். இரண்டாவது கேள்வியில் என் சாதி என்னைத் தேற்றிவிடும். நான் பிற்படுத்தப்பட்ட சாதி ஒன்றில் பிறந்தவள். எனக்கு நான்காவது வீட்டில் சாவி கிடைத்தது. என்னோடு ஒரே மேசையில் துணி பார்த்த, என்னைப் போலவே மணமுறிவு பெற்ற ஓர் அருந்ததியர் தோழிக்கு ஊருக்குள் வீடு கிடைக்கவே இல்லை. அவள் தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வந்தாள். இந்த இரண்டு கேள்விகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

2023இல் அவர் திரும்பி வந்தார். வெளியூரில் செய்த தொழில் நொடித்துவிட்டது. குடியை விட்டு ஓராண்டு ஆகிவிட்டது என்றார். அதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். மிரட்டவில்லை, கத்தவில்லை. நடந்ததற்கெல்லாம் வருத்தம் தெரிவித்தார். "பழசை மறந்துட்டு ஒண்ணா இருப்போம், புள்ளைக்காகவாவது" என்றார். வில்லனை மறுப்பது எளிது, தோழர்களே. வருந்தி வந்து நிற்கிறவரை மறுக்கப் பெண்ணுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஊரே கேட்கும்.

கேட்டார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்தார். "கண்ணு, அவனே எறங்கி வந்துட்டான். இன்னும் என்னத்துக்கு வீம்பு?" என்றார். அத்தை அடுத்த நாள் வந்தார். "நாளைக்குப் புள்ளைக்கு ஒரு நல்ல காரியம்னா மணையில உக்கார அப்பன் வேணுமில்ல? நம்ம சனத்துல எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார். சின்னம்மா தொலைபேசியில் அழுதார். பத்து நாட்களில் எத்தனையோ பேர் பேசினார்கள். அவரை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பத்து நாட்களும் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். பெரிதாக இல்லை. ஒன்பது ஆண்டுகளில் அது எப்போது வடிந்தது என்றே தெரியவில்லை. ஆசை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. அப்படியானால் என்னதான் இருக்கிறது? ஒரு நாள் இரவு ஒரு நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். வாடகை ஒப்பந்தம் என் பெயரில். கேஸ் இணைப்பு என் பெயரில். பிராவிடண்ட் ஃபண்டுக்கு வாரிசு என் மகள். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்பதை நானும் மகளும் பேசி முடிவு செய்கிறோம். சில ஞாயிறுகளில் சமைப்பதே இல்லை. இரவு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்குவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. வாசிப்பு வட்டத்துக்குப் போகிறேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறேன்.

எழுதி முடித்துப் படித்தபோது ஒன்று புரிந்தது. எல்லோரும் இந்த வீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அந்த இடத்துக்கு உரியவர் வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் இடமே இங்கே இல்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன். அவர் திரும்பி வந்து கேட்காமல் இருந்திருந்தால் இதை நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

இனி, அத்தை சொன்ன அந்த மணைக்கு வருகிறேன். சொந்தக்காரர்களின் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் என் மேல் பாசம் உள்ளவர்கள்தாம். ஆனால் அந்தப் பாசம் எதைச் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். சொந்தச் சாதியில் மாப்பிள்ளை கிடைக்க வேண்டும். அதற்கு அப்பன் மணையில் உட்கார வேண்டும். அதற்கு நான் மறுபடி மனைவியாக வேண்டும். என் மகளின் அகமணத்துக்கு என் மணவாழ்க்கை முன்பணம்!

அம்பேத்கர் 1916ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதி என்பது அகமணத்தால் நிலைக்கிறது என்று அதில் நிறுவுகிறார். தன் சாதிக்குள்ளேயே மணம் என்று ஒரு கூட்டம் முடிவெடுத்துவிட்டால், கணவனை இழந்த பெண் அந்தக் கூட்டத்துக்கு 'மிகைப் பெண்' ஆகிவிடுகிறாள். அவள் சாதிக்கு வெளியே ஒருவனை மணந்தால் வேலி உடையும். சாதிக்குள்ளேயே மணந்தால் இன்னொரு பெண்ணின் வாய்ப்பு குறையும். அதனால் அவளைக் கணவனோடு எரித்தார்கள். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்கக் கைம்மையில் வைத்தார்கள். சதியும் கட்டாயக் கைம்மையும் குழந்தை மணமும் சாதியைக் காக்கக் கண்டுபிடித்த வழிகள் என்கிறார் அம்பேத்கர்.

அவர் பேசியது கைம்பெண்களைப் பற்றி. மணமுறிவு பெற்ற பெண்ணுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. அவளும் சாதியின் கணக்கில் மிகைதான். இன்றைக்கு அவளை எரிக்க முடியாது, மொட்டையடிக்க முடியாது. மிச்சம் இருக்கும் வழி, பழைய கணவனோடு சேர்த்து வைப்பது. வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இங்கேதான் உறவு இருக்கிறது. 'உன் கணவன் யார்' என்று கேட்பதும் 'நீ என்ன சாதி' என்று கேட்பதும் ஒரே வேலியின் இரண்டு கம்பிகள்.

இது என்றைக்கும் இப்படியேதான் இருந்ததா என்றால், இல்லை. என் அம்மாயியின் அக்கா இரண்டு பேருக்கு வாழ்க்கைப்பட்டவர். முதல் கணவனோடு ஒத்துவரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வந்து இன்னொருவரைக் கட்டிக்கொண்டார். அம்மாயி இதைச் சாதாரணமாகச் சொல்வார். உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. கொஞ்சம் நிலமும் கொஞ்சம் காசும் சேர்ந்ததும் ஆண்கள் முதலில் செய்தது, 'மேல்சாதி' போல ஆக வேண்டும் என்று சொல்லித் தங்கள் வீட்டுப் பெண்களின் இந்த வழக்கத்தை நிறுத்தியதுதான். கௌரவம் ஆண்களுக்கு வந்தது. அதற்கான விலையைப் பெண்கள் கட்டினார்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தன் 29ஆம் பிரிவில், வழக்காற்றின்படி கிடைக்கும் மணமுறிவு உரிமையைத் தொடவில்லை என்று சொல்கிறது. அந்த வழக்காறுகள் உழைக்கும் மக்களிடம் உயிரோடு இருந்தன என்பதற்குச் சட்டமே சாட்சி.

இதே நாட்டில் ஒரு பெண் இதை நீதிமன்றத்திலேயே எதிர்கொண்டார். பம்பாயில் பிறந்த ருக்மாபாய். தச்சர் சாதியைச் சேர்ந்தவர். கைம்பெண் மறுமணம் வழக்கத்தில் இருந்த சாதி அது. அவருடைய தாயே கைம்பெண்ணாகி மறுமணம் செய்துகொண்டவர். ருக்மாபாய்க்குப் பதினொரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவரோடு மணம் செய்து வைத்தார்கள். ருக்மாபாய் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தார், படித்தார். பல ஆண்டுகள் கழித்து, 1884இல், மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று தாதாஜி வழக்குப் போட்டார். முதலில் நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887இல் கணவனிடம் போ, அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்று உத்தரவு வந்தது. சிறைக்குப் போகிறேன் என்றார் அந்த இளம்பெண். பாலகங்காதர திலகர் தம் பத்திரிகைகளில் அவருக்கு எதிராக எழுதினார். கடைசியில் 1888இல் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி வழக்கை முடித்துக்கொண்டார். ருக்மாபாய் இங்கிலாந்து போய் மருத்துவம் படித்து வந்து, சூரத்தில் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணி செய்தார்.

ருக்மாபாயை மிரட்டிய சட்டம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக அது இன்றும் இருக்கிறது. பிரிந்து போன துணை திரும்பி வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடலாம். 1983இல் ஆந்திர உயர்நீதிமன்ற நீதிபதி சௌத்ரி, பெண்ணின் உடல் மீதான உரிமையை இது பறிக்கிறது என்று சொல்லி அந்தப் பிரிவைச் செல்லாது என்றார். அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு இந்த உத்தரவை மீறினால் சிறை இல்லை. ஆனால் மணமுறிவு பெறாமல் வெறுமனே பிரிந்து வாழும் பெண்ணின் தலைக்கு மேல் இது தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 'பிரிஞ்சு இருந்தா போதும், கோர்ட்டு எதுக்கு' என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள் என்கிறேன்.

மணமுறிவு உரிமையும் யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, மணவாழ்க்கையை முறித்துக்கொள்ளும் உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவுக்கு வழி செய்யும் சட்டம் 1949இல்தான் வந்தது. பெண்களுக்குச் சொத்தும் மணமுறிவும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நாடாளுமன்றத்தில் நகரவிடாமல் செய்ததைக் கண்டித்து, அம்பேத்கர் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பரஸ்பர ஒப்புதலோடு பிரியலாம் என்ற 13-பி பிரிவு 1976இல் வந்தது. ஒரு தீர்ப்பு நகலைக் கையில் வாங்கும் பெண்ணுக்குப் பின்னால் இத்தனை பேரின் போராட்டம் இருக்கிறது. அந்தத் தாளை 'புள்ளைக்காக' என்ற ஒரு சொல்லில் கிழித்துப் போடச் சொல்கிறார்கள்.

சரி, பிள்ளை. கடினமான இடம் இதுதான். சங்க இலக்கியத்தின் மருதத் திணையைப் படித்தவர்களுக்குத் தெரியும். பரத்தையிடம் போய்விட்டுத் தலைவன் திரும்பி வருவான். தலைவியோ தோழியோ கதவைத் திறக்க மறுப்பார்கள். 'வாயில் மறுத்தல்' என்றே அதற்கு ஒரு துறை உண்டு. தலைவன் பாணனைத் தூது அனுப்புவான். எல்லா வாயிலும் அடைபட்டபோது கடைசியாகப் புதல்வனே வாயில் ஆவான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் உள்ளே வருவான், அவள் இளகுவாள். எவ்வளவு பழைய உத்தி பாருங்கள்!

என் மகளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. பதினாலு வயதுப் பெண் அவள். அவளையே கேட்டேன். "அப்பாவப் பார்க்கணும்னு எனக்கு ஆசைதாம்மா. அதுக்கு அவர் நம்ம வீட்டுல வந்து இருக்கணுமா?" என்றாள். நான் பத்து நாள் நோட்டுப் போட்டு யோசித்ததை அவள் ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள். தகப்பன் என்பது ஓர் உறவு. கணவன் என்பது வேறோர் உறவு. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுப்பதால்தான் தாய்மார்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவரிடம் இதைத்தான் சொன்னேன். "நீங்க அவளுக்கு அப்பா. ஞாயிற்றுக்கிழமை வாங்க, கூட்டிட்டுப் போங்க, அவ படிப்புக்கு உங்க பங்கைக் கொடுங்க. நானும் நீங்களும் புருஷன் பொண்டாட்டியா இருந்தது முடிஞ்சுபோச்சு." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான்" என்றேன். இப்போது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வருகிறார். மகள் சந்தோஷமாகப் போய்வருகிறாள். பெரியப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இந்த நிலையில் இருக்கும் பெண்களுக்குச் சட்டம் தொடர்பாகச் சில செய்திகள். மணமுறிவுத் தீர்ப்பு இறுதியான பிறகு, பழைய கணவர் வீட்டுக்கு வந்து தங்கினாலும் பழைய திருமணம் தானாக உயிர் பெறாது. மறுபடி மணம் செய்தால்தான் சட்டப்படி மனைவி. 'சும்மா சேர்ந்து இருங்க, எல்லாம் சரியாயிடும்' என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டால், மனைவியின் வேலை எல்லாம் உங்கள் தலையில் விழும், மனைவியின் உரிமை முழுதாக வராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மட்டும், திருமணம் போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பிள்ளைக்கான ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டால்தான் பணம் என்று யாரும் நிபந்தனை போட முடியாது. மறுமணம் செய்யாத வரை, மணமுறிவு பெற்ற பெண்ணும் அதே பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம்.

அப்பா கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்பார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய் அல்லது தந்தை ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது.

கடைசியாக அந்த மணை. அண்ணா ஆட்சியில், 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டுச் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானது. புரோகிதர் வேண்டாம் என்பதை நாம் எல்லோரும் பேசுகிறோம். அதில் கன்னிகாதானமும் இல்லை என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். பெண்ணைத் தூக்கிக் கொடுக்க ஒரு தகப்பன் தேவையில்லை. ஏனென்றால் பெண் கொடுக்கப்படும் பொருள் இல்லை. என் மகள் மணம் செய்துகொள்வாளா, யாரை, எப்போது என்பதெல்லாம் அவள் வளர்ந்து எடுக்கும் முடிவு. அவள் பெயரைச் சொல்லி நான் இன்றைக்கு மணையில் ஆள் பிடித்து உட்கார வைக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த கணவரை ஏற்றுக்கொண்ட பெண்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாறிய மனிதரோடு மனம் விரும்பிச் சேர்ந்து வாழ்வது ஒரு பெண்ணின் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான். அவளால் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் வாடகை கட்டக் கையில் பணம் இருந்திருக்குமா, தங்க வீடு கிடைத்திருக்குமா, பக்கத்தில் நான்கு பேர் நின்றிருப்பார்களா? வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் சொல்லப்படும் சம்மதம், சம்மதம் ஆகாது.

இங்கே இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அக்கா, அத்தை, தோழியின் அம்மா என்று யாராவது ஒருவர் இந்த நிலையில் இருப்பார். அவருக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வரப் பத்து நாள் ஆகலாம், பொறுத்திருங்கள். வீடு பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். உங்கள் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டால், அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க மாட்டோம் என்று உங்கள் அப்பா அம்மாவிடம் சண்டை போட்டாவது சொல்லுங்கள். சாதி ஒழிப்பு மாநாட்டுப் பந்தலில் நடக்கும், வாடகை வீட்டு வாசலிலும் நடக்க வேண்டும்.